மாட்டுக் காதில் நம்பர் போட்டாச்சு! மாடு செத்தால் பதில் சொல்வது யாரு?

    

போன ஐப்பசி அடைமழையில் எங்கள் கிளைச் சங்கத்து உறுப்பினர், ஒரு தாயார், அவர் வீட்டுக் கறவை மாடு செத்துப்போச்சு. அந்த அம்மாவுக்குச் சொந்தமா ஒரு குழி நிலம் கிடையாது. வாய்க்கால் கரைப் புல்லும், அறுப்புக் காலத்துல கூலியோட வாங்கி வந்த வைக்கோலும் போட்டு வளர்த்த மாடு. காலையில மூணு லிட்டர், சாயங்காலம் ரெண்டு லிட்டர் சொசைட்டிக்கு ஊத்தி ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வச்சாங்க. மாட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. பங்குத்தொகை கட்டின ரசீது இருந்தது. டாக்டர் வந்து பிரேதப் பரிசோதனை செஞ்சு சான்று கொடுத்தார். செத்த மாட்டோட போட்டோ இருந்தது. எல்லாம் இருந்தும் பணம் வரவில்லை. ஏன்? மாட்டின் காதில் வில்லை இல்லையாம்!

வில்லை எங்கே போனது? ரெண்டு மாசத்துக்கு முன்னால் கருவை முள்ளில் உரசிக் காது கிழிந்து எங்கேயோ விழுந்துவிட்டது. மறுவில்லை போடச் சொல்லி அந்த அம்மா மூணு நடை நடந்தார். "ஸ்டாக் வரலை, அடுத்த முகாம்ல பாக்கலாம்" என்று பதில் வந்தது. அடுத்த முகாம் வருவதற்குள் மழை வந்தது, மாடு போனது. வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை என்று பாலிசியில் அச்சடித்திருக்கிறதாம். அதைத் தமிழில் படித்துச் சொல்ல அன்றைக்கு ஒருத்தரும் வரவில்லை.

எந்தக் கம்பெனி, எந்த ஆபீஸ் என்று நாம் பெயர் சொல்லப் போவதில்லை. ஒரு கம்பெனியோடு, ஒரு அதிகாரியோடு தீர்கிற வழக்கு இல்லை இது. இந்த நோட்டீசைப் படிக்கிற ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒரு வீடு இருக்கும். குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். நம் கதையும் அதுதான்.

சீமையில் குதிரைக்கு பாஸ்போர்ட்!

குதிரை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் குதிரைக்கு பாஸ்போர்ட் இருக்கிறது. கேலி இல்லை, நெசம். 2004-லிருந்து அங்கே குதிரை, கழுதை, மட்டக்குதிரை எதுவாக இருந்தாலும் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து எல்லாக் குதிரைக்கும் கழுத்தில் மைக்ரோசிப் கட்டாயம். மாட்டுக்கு அதற்கும் முன்னாலேயே, பைத்தியப் பசு நோய் வந்து உலகமே அவர்கள் மாட்டுக்கறியை வாங்க மறுத்தபோது, 1996-இல் பாஸ்போர்ட் கொண்டுவந்தார்கள்.

எதற்காக? குதிரை வளர்ப்பவனைக் காப்பாற்ற இல்லை. மருந்து ஊசி போட்ட குதிரையின் கறி மனிதர் தட்டுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக. சரி, நல்ல காரணம்தான். ஆனால் 2013-இல் என்ன நடந்தது? மாட்டுக்கறி என்று சீட்டு ஒட்டிய டப்பாக்களில் குதிரைக்கறி இருந்ததைக் கண்டுபிடித்து ஐரோப்பாவே சிரித்தது. பாஸ்போர்ட் அப்போதும் இருந்தது! திருட்டுத்தனம் செய்தவன் பெரிய வியாபாரி. ஒரு குதிரை வைத்துப் பிழைத்தவனோ பாஸ்போர்ட்டுக்கும் சிப்புக்கும் தன் பையிலிருந்து பணம் கட்டினான்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அடையாளச் சீட்டு என்பது கத்தி மாதிரி. யார் கையில் இருக்கிறது, யார் பக்கம் கூர் திரும்பியிருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

நம் நாட்டிலும் பாஸ்போர்ட் உள்ள குதிரைகள் உண்டு. அவை பந்தயக் குதிரைகள். அப்பன் யார், ஆத்தா யார் என்று ஏடு எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் காகிதத்தால் அந்தக் குதிரைக்கு விலை கூடுகிறது, முதலாளிக்கு லாபம் கூடுகிறது. ஆனால் பாரம் இழுக்கிற குதிரை? 2012 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 6 லட்சத்துக்கு மேல் இருந்த குதிரைகள் 2019 கணக்கெடுப்பில் 3.4 லட்சம் ஆகிவிட்டன. கும்பகோணம், தஞ்சாவூர் ஸ்டேஷன் வாசலில் வரிசையாக நின்ற ஜட்கா வண்டிகளை நம்மில் ஐம்பதைத் தாண்டியவர்கள் பார்த்திருக்கிறோம். பிழைப்பு அழியும்போது எந்தச் சீட்டும் அதைக் காப்பாற்றவில்லை.

அடையாளம் நமக்குப் புதுசா?

"விவசாயிக்கு விவரம் பத்தாது, அதனால்தான் நம்பர் போடுகிறோம்" என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறோம்: மாட்டை அடையாளம் காண்பது எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்த வித்தை இல்லை.

நம் மண்ணின் மாடு உம்பளச்சேரி. தெற்கத்தி மாடு, மொட்டை மாடு, தஞ்சாவூர் மாடு என்றெல்லாம் அதற்குப் பெயர். முழங்கால் சேற்றில் ஏர் இழுக்கப் பிறந்த ஜாதி. நெற்றியில் வெள்ளைப் பொட்டு, காலில் வெள்ளை, வால் நுனியில் வெள்ளை. காளைக் கன்றுக்குக் கொம்பைத் தீய்த்து மொட்டை ஆக்குவது, காதில் வெட்டுப் போடுவது, உடம்பில் சூட்டுக்குறி வைப்பது எல்லாம் தலைமுறை தலைமுறையாக இங்கே இருந்த வழக்கம். குறியைப் பார்த்தே இது இன்ன ஊர், இன்ன வீட்டு மாடு என்று சொல்கிற பெரியவர்கள் இருந்தார்கள். அதில் மாட்டுக்கு வலி உண்டு, இன்றைக்கு அதைக் கைவிடச் சொன்னால் அது நியாயம். அதை நாம் மறுக்கவில்லை.

சந்தையில் மாடு பிடிக்கிறவன் முதலில் என்ன பார்க்கிறான்? பல்லைப் பார்க்கிறான், அப்புறம் சுழியைப் பார்க்கிறான். ராஜசுழி எது, பாடைசுழி எது என்று தடவிப் பார்த்துத்தான் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவான். வெள்ளைக்காரன் குதிரை பாஸ்போர்ட்டில் ஒரு படம் போட்டு அதில் எதைக் குறிக்கிறான் தெரியுமா? நெற்றி வெள்ளையையும், கால் வெள்ளையையும், சுழி எங்கெங்கே இருக்கிறது என்பதையும்தான்! நம் தாத்தா கைவிரலால் படித்ததைத்தான் அவன் காகிதத்தில் எழுதுகிறான்.

ஆனால் இங்கே எழுதுகிறவர்களுக்கு மாடு தெரியுமா? உம்பளச்சேரிக் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஆறேழு மாசத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். கன்றில் "சிவப்பு" என்று பதிந்துவிட்டுப் போனால், வளர்ந்த மாட்டைப் பார்த்து "நிறம் ஒத்துவரவில்லை" என்பார்கள். நிறத்தை மாற்றியது மாடு. திருடன் பட்டம் வளர்த்தவனுக்கா?

1871 பட்டியிலிருந்து 2017 சந்தை வரை

சர்க்கார் மாட்டை எழுதிவைப்பதும் புதிதல்ல. வெள்ளைக்காரன் 1871-இல் கால்நடை அத்துமீறல் சட்டம் கொண்டுவந்தான். பயிரில் வாய்வைத்த மாட்டைப் பட்டியில் அடைப்பது அந்தச் சட்டத்தில்தான். பட்டிக்காரர் ரிஜிஸ்தரில் மாட்டின் அடையாளம், பிடித்த நாள், நேரம், பிடித்தவர் பெயர் எல்லாம் எழுத வேண்டும். ஏழு நாளில் உரியவன் வந்து அபராதமும் தீனிச் செலவும் கட்டாவிட்டால் போலீசுக்குத் தகவல், பிறகு ஏலம். பயிர் வைத்தவனுக்கு அதில் பாதுகாப்பு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒற்றை மாடு வைத்திருந்த பண்ணையாளுக்கு ஏழு நாளில் அபராதம் புரட்ட முடியுமா? அடையாளம் எழுதப்பட்டது அவனிடம் மாட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கா, ஏலம் விடுவதற்கா?

சுதந்திரம் வந்து எழுபது வருஷம் கழித்து, 2017 மே 23-ஆம் தேதி, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கால்நடைச் சந்தை விதிகள் என்று ஒன்றை வெளியிட்டது. மிருகவதைத் தடுப்பு என்று பெயர். உள்ளே என்ன இருந்தது? மாட்டை சந்தைக்குக் கொண்டுவருகிறவன் போட்டோ அடையாளச் சான்றோடு எழுத்துமூலம் உறுதிமொழி தர வேண்டும். வாங்குகிறவன், தான் விவசாயி என்பதை வருவாய்த்துறை ஆவணத்தைக் காட்டி நிரூபிக்க வேண்டும். வாங்கிய மாட்டை ஆறு மாசத்துக்கு விற்கக் கூடாது. விற்பனைச் சீட்டு ஐந்து பிரதி: வாங்கியவனுக்கு ஒன்று, விற்றவனுக்கு ஒன்று, தாலுகா ஆபீசுக்கு ஒன்று, மாவட்டக் கால்நடைத் தலைமை அதிகாரிக்கு ஒன்று, சந்தைக் கமிட்டிக்கு ஒன்று! சந்தையில் மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் பூசுவதும் அலங்காரம் செய்வதும்கூடக் குற்றப் பட்டியலில் வந்தது. மாட்டுப் பொங்கல் கொண்டாடுகிறவனைப் பார்த்து மிருகவதை என்றார்கள்!

ஐயா, ஒன்று கேட்கிறோம். டெல்டாவில் மாடு யாரிடம் இருக்கிறது? பட்டா வைத்திருப்பவரிடமா, பட்டா இல்லாதவரிடமா? மிராசுதார் வீட்டுத் தொழுவம் எப்போதோ கார் ஷெட் ஆகிவிட்டது. உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு மிஷின். இன்றைக்குக் கறவை மாடு நிற்பது தெருக்கோடியில், காலனியில், வாய்க்கால் புறம்போக்கு ஓரத்தில். அவர்களிடம் போய் "நிலப் பத்திரம் காட்டு, அப்போதுதான் நீ விவசாயி" என்றால் எங்கே போவார்கள்?

அந்த விதி வந்த ஒரே வாரத்தில், 2017 மே 30 அன்று, நம் மதுரை உயர்நீதிமன்றக் கிளைதான் அதன் முக்கியப் பிரிவுகளுக்கு முதலில் இடைக்காலத் தடை போட்டது. ஜூலை 11-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதுக்கும் நீட்டித்தது. கேட்க ஆள் இருந்ததால் தடை வந்தது. கேட்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு நாம் மணப்பாறை சந்தை வாசலில் சிட்டா அடங்கலோடு வரிசையில் நின்றிருப்போம்.

காகிதம் இருந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. அதே 2017 ஜூன் மாசம், நம் தமிழக அரசின் கால்நடைத் துறை அதிகாரிகள் ராஜஸ்தானில் மாடு வாங்கி, முறையான ஆவணங்களோடு லாரியில் ஏற்றி வந்தார்கள். பார்மர் பக்கத்தில் ஒரு கும்பல் மறித்து அடித்தது. அரசாங்க அதிகாரிக்கு, அரசாங்கச் சீட்டோடு, அந்தக் கதி என்றால் குட்டியானை வண்டியில் ஒற்றை மாட்டை ஏற்றிப்போகிற நமக்கு என்ன கதி?

காது வில்லையை நாம் எதிர்க்கிறோமா?

இல்லை. தெளிவாகச் சொல்கிறோம், இல்லை.

2013-ஐ யாரும் மறந்திருக்க முடியாது. கோமாரி வந்து தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் மாடுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. வாயில் நுரையும் குளம்பில் புண்ணுமாக மாடு விழுந்து கிடக்க, ஜே.சி.பி. வைத்துக் குழி தோண்டிப் புதைத்தோம். 2022-இல் அம்மைக் கழலை வந்தது. தடுப்பூசியும், எந்த மாட்டுக்குப் போட்டது எதற்குப் போடவில்லை என்ற கணக்கும் இருந்தால்தான் இந்த நோய்களை ஒழிக்க முடியும். அதற்கு எண் வேண்டும். 2009-ஆம் வருஷ கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டமே தடுப்பூசி போட்ட மாட்டுக்கு அடையாளம் வைக்கச் சொல்கிறது. 2019-இல் கோமாரியையும் கன்றுவீச்சு நோயையும் ஒழிக்க மத்திய அரசு 13,343 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. அதில்தான் இந்த மஞ்சள் வில்லை, பன்னிரண்டு இலக்க எண், கம்ப்யூட்டர் பதிவு எல்லாம் ஊர் ஊராக வந்தது. இப்போது 'பசு ஆதார்' என்கிறார்கள். வரட்டும்.

நம் கேள்வி வேறு. எண் போட்டது யார்? அரசாங்கம். எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது யார்? அரசாங்கம். மாட்டின் வயசு, இனம், ஈத்து, தடுப்பூசி போட்ட தேதி, வளர்ப்பவர் பெயர், போன் நம்பர் எல்லாம் யாரிடம் இருக்கிறது? அரசாங்கத்திடம். அப்படியானால் காதிலிருந்து ஒரு பிளாஸ்டிக் துண்டு விழுந்ததும் அந்த மாடு யாருடையது என்று தெரியாமல் போவது எப்படி? ரேஷன் கார்டு தொலைந்தால் அந்தக் குடும்பமே ஊரில் இல்லை என்று எழுதிவிடுவார்களா? ஓட்டர் கார்டு தொலைந்தால் ஆள் செத்துப்போனார் என்பார்களா? (சில ஊரில் அதுவும் நடந்திருக்கிறது, அது வேறு கதை!)

எண் போட்டவன் பொறுப்பு ஏற்க வேண்டும். தடுப்பூசிக் கணக்குக் காட்ட எண் வேண்டும், டெல்லிக்குப் புள்ளிவிவரம் அனுப்ப எண் வேண்டும், ஆனால் இழப்பீடு கேட்டால் மட்டும் எண் காணோம் என்றால், அந்த எண் மாட்டுக்காகப் போட்டதில்லை.

மாட்டுக்கு உடையவர் யாரு?

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி.

நம் பக்கம் மாட்டை வாரத்துக்கு விடுவது வழக்கம். ஒருவர் கிடேரிக் கன்றை வாங்கிக் கொடுப்பார், இன்னொரு வீட்டில் வளர்ப்பார்கள். ஈனினால் கன்றிலோ விலையிலோ ஆளுக்குப் பாதி. எழுத்து கிடையாது, நம்பிக்கைதான். வில்லை போட வருகிறவர் யார் பெயரை எழுதுவார்? வாங்கிக் கொடுத்தவர் பெயரையா, மூணு வருஷம் சாணி அள்ளியவர் பெயரையா? வெள்ளத்தில் மாடு போனால் நிவாரணம் யார் கைக்குப் போகும்?

மாட்டைக் குளிப்பாட்டுவது, புல் அறுப்பது, பால் கறப்பது, சொசைட்டிக்குத் தூக்குவது எல்லாம் பெண்கள். முகாம் நடக்கும்போது அந்த அம்மா நடவு வயலில் நிற்பார். வீட்டில் இருக்கிற ஆம்பளை பெயரும் அவர் போன் நம்பரும் ஏறிவிடும். அப்புறம் அந்த போனுக்கு வருகிற செய்தி அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

குத்தகை விவசாயி நிலை சொல்லவே வேண்டாம். கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் இருக்கிற மிராசுதார் நிலம் என்று டெல்டாவில் எத்தனையோ ஆயிரம் குடும்பங்கள் பட்டா இல்லாமல்தான் உழுகின்றன. குத்தகையைப் பதிவு செய்ய 1969-இலேயே சட்டம் வந்தது. ஆனால் வாய்மொழிக் குத்தகைக்காரன் பெயரை எழுதிக் கொடுக்க எந்த நிலக்காரர் மனசு வைத்தார்? 2025-இல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் என்று ஊர் ஊராக முகாம் போட்டார்கள். பட்டா, சிட்டா, ஆதார் எடுத்து வா என்றார்கள். உழுகிறவன் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பினான். உழாதவன் சென்னையில் உட்கார்ந்து எண் வாங்கினான். மாட்டுக்கு எண் உண்டு, நிலத்துக்கு எண் உண்டு, நடுவில் நிற்கிற மனுஷனுக்கு மட்டும் எண் இல்லை! இது என்னங்கய்யா நியாயம்?

கீதாரிகளை நினைத்துப் பாருங்கள். அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து நம் தரிசில் கிடை போடுகிறார்கள். அந்தப் புழுக்கையும் மூத்திரமும்தான் நம் வயலுக்கு முதல் உரம். அவர்கள் ஆடு இங்கே இடி விழுந்து செத்தால் "உங்கள் மாவட்டத்தில் போய்க் கேள்" என்பார்கள். அங்கே போனால் "செத்தது எங்கே? அங்கேயே கேள்" என்பார்கள். ஊர் ஊராக நடக்கிறவனுக்கு எந்த ஊரும் இல்லையா?

2018 நவம்பர் 16-ஐ யார் மறப்பார்? கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறி நம் தென்னையையும் தொழுவத்தையும் சாய்த்துப் போட்ட ராத்திரி. அப்போது பேரிடர் நிவாரண விதிப்படி கறவை மாட்டுக்கு 30,000 ரூபாய், ஆட்டுக்கு 3,000 ரூபாய். 2022-க்குப் பிறகு அது 37,500, 4,000 என்று உயர்ந்தது. காகிதத்தில் தொகை உயர்ந்தது நல்லதுதான். ஆனால் இடிந்த சுவருக்கடியில் செத்த மாட்டைத் தண்ணீர் நாறுவதற்குள் புதைக்காமல், வி.ஏ.ஓ.வும் டாக்டரும் வருகிற வரை எத்தனை நாள் வைத்திருப்பது? சாலையெல்லாம் மரம் விழுந்து கிடந்த அந்த நாட்களில் சான்று வாங்க முடிந்தவன் எத்தனை பேர்? முடியாதவன் மாடு செத்த மாடு இல்லையா?

"கள்ளக் கணக்கு எழுதுகிறார்களே!"

நியாயமான கேள்விதான், ஒளிக்க வேண்டாம். இன்சூரன்சுக்காக ஒரு மாட்டுக் காதை அறுத்து வேறு மாட்டுக்குக் கணக்குக் காட்டிய ஆட்களும் உண்டு. நம்மிலும் உண்டு. அப்படிச் செய்கிறவன் நம் தொழிலுக்கே துரோகி, அவனுக்குச் சங்கம் துணை நிற்காது.

ஆனால் பத்துப் பேர் செய்த புரட்டுக்காகப் பதினாயிரம் பேரைச் சந்தேகப்படுவது எந்த ஊர் முறை? புரட்டைத் தடுக்க வழி இல்லையா? மாட்டின் மூக்கில் இருக்கிற ரேகை நம் கைரேகை மாதிரி, ஒன்று போல் இன்னொன்று இருக்காது. வில்லை போடும்போதே முகம், மூக்கு, சுழி தெரிகிற மாதிரி நாலு போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தால், வில்லை விழுந்தாலும் மாடு மாறாது. சொசைட்டியில் பால் ஊற்றிய கணக்கு இருக்கிறது. ஊசி போட்ட, சினை ஊசி போட்ட பதிவு இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வாக்குமூலம் இருக்கிறது. கொடுக்க மனசு இருந்தால் சாட்சி ஆயிரம். மறுக்க மனசு இருந்தால் ஒரு வில்லை போதும்.

வண்டியில் மாடு ஏற்றுகிற விதியும் அப்படித்தான். 1978-லிருந்தே விதி இருக்கிறது: பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவர் சான்று வேண்டும், லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. மாட்டை அடைத்து நெரித்து ஏற்றிப் போகிற லாரிக்காரனைத் தடுக்க அது வேண்டும், நாமும் ஆதரிக்கிறோம். ஆனால் கன்று போட்ட மாட்டை மகள் வீட்டுக்குச் சீராகக் கொண்டுபோகிறவனையும், முப்பது மாட்டை மூச்சுமுட்ட ஏற்றுகிறவனையும் ஒரே தராசில் வைப்பது என்ன கணக்கு? பெரிய லாரி ராத்திரியில் போய்விடுகிறது. பகலில் மாட்டிக்கொள்வது குட்டியானைதான்.

நம் கோரிக்கைகள்

1. காது வில்லையும் மறுவில்லையும் இலவசம். வில்லை தொலைந்ததாகச் சொன்ன நாளிலேயே ஒப்புகைச் சீட்டு தர வேண்டும், ஏழு நாளில் மறுவில்லை போட வேண்டும். அதுவரை அந்தச் சீட்டே இன்சூரன்சுக்கும் நிவாரணத்துக்கும் செல்ல வேண்டும்.

2. வில்லை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டை மறுக்கக் கூடாது. கம்ப்யூட்டர் பதிவு, போட்டோ, மருத்துவர் சான்று, சொசைட்டிக் கணக்கு ஆகியவற்றை ஆதாரமாக ஏற்க வேண்டும். பாலிசி நிபந்தனைகளைத் தமிழில் அச்சடித்துப் பங்குத்தொகை வாங்கும்போதே தர வேண்டும்.

3. மாட்டை வளர்ப்பவர் பெயரிலேயே பதிவு. பெண்கள் வளர்த்தால் பெண்கள் பெயரில். வாரத்துக்கு வளர்த்தால் இருவர் பெயரும் ஏற வேண்டும். மாடு வைத்திருப்பதற்கு எந்த இடத்திலும் நிலப் பத்திரம் கேட்கக் கூடாது.

4. குத்தகை, கோயில் நில, மட நிலச் சாகுபடியாளர்களுக்கும் விவசாயி அடையாள எண் வழங்க வேண்டும். அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயரை எழுத வேண்டும்.

5. மாடு கைமாறினால் சந்தையிலேயே பெயர் மாற்றம். சந்தைநாளில் கால்நடைத் துறை அங்கே ஒரு மேஜை போட வேண்டும்.

6. ஒன்றிரண்டு சொந்த மாடு ஏற்றிப்போகும் விவசாயிக்கு உள்ளூர் மருந்தகத்தில் அன்றைக்கே இலவசப் பயணச் சான்று. வழியில் மறித்து வசூல் செய்பவர் யாராக இருந்தாலும் வழக்கு.

7. கீதாரிகளுக்கும் வாத்து மேய்ப்பவர்களுக்கும் எந்த மாவட்டத்தில் இருக்கிறார்களோ அங்கேயே தடுப்பூசியும் நிவாரணமும்.

8. கால்நடை மருந்தகங்களில் காலியாகக் கிடக்கும் டாக்டர், உதவியாளர் இடங்களை நிரப்ப வேண்டும். ஆள் இல்லாமல் எண் மட்டும் இருந்து என்ன பயன்?

நாம் செய்ய வேண்டியது

போராட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். மாடு மேய்க்காமல் கெட்டது, பயிர் பார்க்காமல் கெட்டது என்பார்கள். நம் பக்கம் கவனக்குறைவு இருக்கக் கூடாது.

வில்லை எண்ணை வீட்டுச் சுவரிலும் பால் நோட்டிலும் எழுதி வையுங்கள். எண் தெரிகிற மாதிரி, மாட்டோடு நீங்கள் நின்று, பிள்ளைகள் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். வில்லை போட்ட காதில் புண் வந்தால் ஈ மொய்க்க விடாதீர்கள், புழு வைத்தால் காதே போய்விடும். வில்லை விழுந்தால் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீர்கள், எழுதிக் கொடுத்து முத்திரை வாங்குங்கள். எழுதத் தெரியாதவர்கள் சங்கத்துக்கு வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம். மாடு விற்றால் பெயர் மாற்றச் சொல்லுங்கள், வாங்கினாலும் சொல்லுங்கள். 2024-க்குப் பிறகு மத்தியத் திட்டத்தில் இன்சூரன்ஸ் பிரீமியத்தில் விவசாயி பங்கு 15 சதவீதம்தான் என்று குறைத்திருக்கிறார்கள். மீதி அரசுப் பணம், அதாவது நம் வரிப் பணம். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

விவசாயிகளே! தாய்மார்களே!

மாடு என்ற சொல்லுக்கே நம் முன்னோர் செல்வம் என்று பொருள் வைத்தார்கள். சவுக்கடியும் சாணிப்பாலும் இருந்த காலத்தில் பண்ணையார் மாட்டை மேய்த்தவன், சொந்த மாடு கட்டலாம் என்று தலைநிமிர்ந்தது சங்கம் கட்டிய பிறகுதான். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், 1955-இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் யாரும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்ததில்லை. கேட்டோம், கிடைத்தது. கேட்காதவனுக்கு எண்தான் கிடைக்கும், உரிமை கிடைக்காது.

அடுத்து நடக்கிற விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்துக்குக் கலெக்டர் ஆபீசுக்குக் கிளை கிளையாகத் திரண்டு வாருங்கள். வில்லை விழுந்தவர்கள், இழப்பீடு மறுக்கப்பட்டவர்கள், வழியில் மறிக்கப்பட்டவர்கள் அனைவரும் மனுவோடு வாருங்கள். மாட்டை ஓட்டி வர வேண்டாம், மாட்டின் போட்டோவோடு வாருங்கள். செத்த மாட்டின் போட்டோ இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். அந்த மேஜைமேல் வரிசையாக வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்போம்: "ஐயா, எண் போட்டது நீங்கள். பதில் சொல்வது யார்?"

மாட்டுக்கு எண்! மாட்டுக்காரனுக்கு உரிமை!
வளர்ப்பவருக்கே மாடு! உழுபவருக்கே அடையாளம்!
சந்தேகம் வேண்டாம்! பொறுப்பு வேண்டும்!

திரண்டு வாரீர்! ஆதரவு தாரீர்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கக் கிளை,
காவிரி டெல்டா.

(படித்ததும் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவும். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டவும்.)